பங்கு விலை வரைபடம் உருவாகும் விதம்

அதிகாலையில் பூச்சந்தைக்குச் சென்று, "மல்லிகை கிலோ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு ஒரு விலை சொல்வார்கள். ஏழு மணிக்கு மூட்டைகள் வந்து இறங்கியதும் வேறொரு விலை சொல்வார்கள். மறுநாள் முகூர்த்தம் என்றால் ஒன்பது மணிக்கு விலை மீண்டும் ஏறியிருக்கும். பத்துக் கிலோ எடுக்கும் மாலைக் கடைக்காரருக்கு ஒரு விலை. கால் கிலோ கேட்கும் நம் அம்மாவுக்கு ஒரு விலை. ஆனால் மறுநாள் நாளிதழைப் புரட்டினால், மல்லிகை விலை என்று ஒரே ஓர் எண் மட்டும் அச்சாகியிருக்கும். சந்தையின் அத்தனை பேரமும் அந்த ஓர் எண்ணுக்குள் எப்படி அடங்கிற்று? அடங்காமல் விடுபட்டவை எவை?

இதே கேள்வியைப் பங்குச் சந்தையைக் குறித்தும் நாம் கேட்கலாம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஏறியும் இறங்கியும் ஓடும் பச்சை, சிவப்புக் கோடுகளைப் பார்க்காதவர் இன்று குறைவு. மலைத்தொடர் போலத் தோன்றும் அந்தப் படம் தானாக வளர்வதன்று. யாரோ செய்த வணிகங்களை ஒரு விதிப்படி சுருக்கி வரைந்த படம் அது. அந்த விதியை அறிந்துகொள்ளக் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும். ஆகவே தோழியரே, ஒரு கட்டத்தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விதையாகிய ஒரு வணிகம்

ஒரு நிறுவனத்தின் முதலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் ஒரு பங்கு. பங்குகளை வாங்கவும் விற்கவும் ஏற்பட்ட இடமே பங்குச் சந்தை. பம்பாய்ப் பங்குச் சந்தை 1875ஆம் ஆண்டில் தோன்றியது. அக்காலத்தில் தரகர்கள் ஒரே கூடத்தில் நின்று, உரத்த குரலில் விலை கூறி வணிகம் செய்தார்கள். தேசியப் பங்குச் சந்தை 1994ஆம் ஆண்டில் கணிப்பொறி வழியே பங்கு வணிகத்தைத் தொடங்கிற்று. அதன் பின்னர் கூச்சல் மெல்ல அடங்கி, திரைகளில் எண்கள் ஓடத் தொடங்கின.

கணிப்பொறி செய்யும் வேலை எளியது. "100 ரூபாய்க்கு 50 பங்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒருவர் பதிவு செய்கிறார். "100 ரூபாய்க்கு 50 பங்கு தருகிறேன்" என்று மற்றொருவர் பதிவு செய்கிறார். இரண்டும் பொருந்தியவுடன் வணிகம் முடிந்துவிடும். வாங்குவோரில் அதிக விலை தர முன்வந்தவருக்கும், விற்போரில் குறைந்த விலை கேட்டவருக்கும் முதலிடம். இருவர் ஒரே விலை சொல்லியிருந்தால் முந்திப் பதிவு செய்தவருக்கு முதலிடம். ரேஷன் கடை வரிசையைப் போன்ற நியாயமே இது.

வணிகம் முடிந்ததும் ஒரு வரி பதிவாகிறது. அந்த வரியில் முக்கியமானவை மூன்று: எந்த நேரத்தில், என்ன விலைக்கு, எத்தனை பங்குகள். வரைபடத்திற்கு விதை இந்த வரிதான்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். திரையில் "விலை 100" என்று தெரிந்தால், கடைசியாக இருவர் 100 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். அடுத்தவருக்கும் அதே விலைக்குக் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. அவர்கள் ஏன் விற்றார்கள், ஏன் வாங்கினார்கள் என்பதும் அதில் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்ற தந்தையும், நிறுவனம் நலிந்துவிடும் என்று அஞ்சி விற்றவரும் அந்தப் பதிவில் ஒரே மாதிரி வரிகளாகவே நிற்பார்கள்.

எட்டு வரிகள்

ஒரு கற்பனை நிறுவனத்தின் பங்கில் காலை 9.15 மணி முதல் பத்து நிமிடங்களுக்குள் எட்டு வணிகங்கள் நடந்தன என்று கொள்வோம்.

9.15 மணி, 100 ரூபாய், 50 பங்குகள்
9.16 மணி, 102 ரூபாய், 20 பங்குகள்
9.17 மணி, 99 ரூபாய், 100 பங்குகள்
9.19 மணி, 101 ரூபாய், 30 பங்குகள்
9.21 மணி, 101 ரூபாய், 10 பங்குகள்
9.22 மணி, 104 ரூபாய், 5 பங்குகள்
9.23 மணி, 103 ரூபாய், 200 பங்குகள்
9.24 மணி, 100 ரூபாய், 40 பங்குகள்

எட்டுப் புள்ளிகளையும் கட்டத்தாளில் குறித்துக் கோட்டால் இணைத்தால் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். ஆனால் பெரிய நிறுவனத்தின் பங்கில் ஒரே நாளில் பல்லாயிரம் வணிகங்கள் நடக்கின்றன. அத்தனையையும் குறித்தால் தாள் முழுவதும் மையாகிவிடும். எனவே நேரத்தைச் சம அளவுள்ள பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நான்கு விலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவையாவன: முதல் வணிகத்தின் விலையாகிய தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, கடைசி வணிகத்தின் விலையாகிய முடிவு விலை. இவற்றோடு கைமாறிய பங்குகளின் மொத்த எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வார்கள்.

ஐந்து நிமிடப் பெட்டிகளாகப் பிரிப்போம். 9.15 முதல் 9.20 வரை முதற்பெட்டி. அதில் தொடக்கம் 100, உச்சம் 102, தாழ்வு 99, முடிவு 101, பங்குகள் 200. இரண்டாம் பெட்டியில் தொடக்கம் 101, உச்சம் 104, தாழ்வு 100, முடிவு 100, பங்குகள் 255. ஒரு பெட்டியின் எல்லை நேரத்தில் சரியாக ஒரு வணிகம் நடந்தால், அதை அடுத்த பெட்டியில் சேர்ப்பது நமது விதி. பெட்டிக்குள் வணிகமே நடக்காவிட்டால் அவ்விடத்தை வெறுமையாக விடுவோரும் உண்டு; முந்தைய முடிவு விலையிலேயே சிறு கோடு இடுவோரும் உண்டு.

மெழுகுவர்த்தி

இந்த நான்கு விலைகளையும் ஒரே உருவத்தில் காட்டும் முறை ஜப்பானில் வளர்ந்தது. ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. பின்னாளில் வாங்கி விற்கும் அரிசிக்கு இன்றே விலை பேசும் வணிகம் அங்கே நடந்தது. ஜப்பானிய வணிகர்களிடையே வழங்கிய அந்த வரைமுறை இன்று மெழுகுவர்த்தி வரைபடம் என்று உலகெங்கும் அறியப்படுகிறது. அமெரிக்காவில் எட்வர்ட் காலஹான் என்பவர் 1867ஆம் ஆண்டில் பங்கு விலைகளைத் தந்தி வழியே காகித நாடாவில் அச்சிடும் பொறியை அமைத்தார். அதன் பின்னர் தரகர் அலுவலகத்தில் இருந்தவாறே ஒவ்வொரு விலையையும் படித்துக் குறித்துக்கொள்ள முடிந்தது.

நம் முதற்பெட்டிக்கு மெழுகுவர்த்தி வரைவோம். தொடக்கமாகிய 100க்கும் முடிவாகிய 101க்கும் இடையே ஒரு செவ்வகம் வரையுங்கள். அதுவே வர்த்தியின் உடல். உடலின் மேல்விளிம்பிலிருந்து 102 வரை ஒரு மெல்லிய கோடு. கீழ்விளிம்பிலிருந்து 99 வரை மற்றொரு கோடு. இவை திரிகள். தொடக்கத்தைவிட முடிவு உயர்ந்திருப்பதால் உடலுக்குப் பச்சை வண்ணம் தீட்டுங்கள். இரண்டாம் பெட்டியில் 101இல் தொடங்கி 100இல் முடிந்ததால் உடல் சிவப்பு. மேல்திரி 104 வரை நீளும். தாழ்ந்த விலையும் முடிவு விலையும் ஒன்றே ஆதலால் கீழ்த்திரி இல்லை.

பெட்டியை மாற்றினால் படமும் மாறும்

இப்போது இரு பெட்டிகளையும் சேர்த்துப் பத்து நிமிடப் பெட்டி ஒன்றாக்குவோம். முதற்பெட்டியின் தொடக்கம் 100, இரண்டாவதின் முடிவு 100, இரண்டிலும் பெரிய உச்சம் 104, சிறிய தாழ்வு 99, பங்குகள் 455. தொடக்கமும் முடிவும் சமமானதால் உடலே இல்லை. நெடுங்கோட்டின் குறுக்கே ஒரு சிறு கோடு, சிலுவை போல நிற்கும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

மூன்று நிமிடப் பெட்டிகளாகப் பிரித்தாலோ முதற்பெட்டியில் 9.15, 9.16, 9.17 ஆகிய மூன்று வணிகங்கள் மட்டுமே விழும். தொடக்கம் 100, முடிவு 99. ஆகவே அது சிவப்பு! ஐந்து நிமிடப் படத்தில் பச்சையாக எரிந்த அதே காலைப் பொழுது மூன்று நிமிடப் படத்தில் சிவப்பாகிவிட்டது. வணிகங்களில் ஒன்றும் மாறவில்லை. நாம் பெட்டியை மாற்றினோம், அவ்வளவே.

மேலும், சிறு பெட்டிகளைக் கொண்டு பெரிய பெட்டியைக் கட்டலாம்; பெரிய பெட்டியிலிருந்து சிறு பெட்டிகளை மீட்க இயலாது. மாவை அரிசியாக்க முடியுமா? பத்து நிமிட வர்த்தியை மட்டும் பார்ப்பவருக்கு 104 முதலில் வந்ததா, 99 முதலில் வந்ததா என்பது தெரியாது. இன்னொன்றும் தெரியாது. அந்த 104 ரூபாய் உச்சத்தில் கைமாறியவை 455 பங்குகளில் ஐந்தே ஐந்து. வர்த்தியின் உயரத்தை நிர்ணயித்தவை அந்த ஐந்து பங்குகள்தான்.

இக்குறையை ஓரளவு போக்கப் பங்குகளின் எண்ணிக்கையைச் சேர்த்துச் சராசரி காண்பார்கள். முதற்பெட்டியில் நான்கு விலைகளின் சாதாரணச் சராசரி 100 ரூபாய் 50 காசு. ஆனால் ஒவ்வொரு விலையையும் அதன் பங்குகளால் பெருக்கிக் கூட்டினால் 19,970 ரூபாய். அதை 200 பங்குகளால் வகுத்தால் 99 ரூபாய் 85 காசு. சரிபாதிப் பங்குகள் 99 ரூபாய்க்குக் கைமாறியதை இந்த எண் ஒளிக்காமல் சொல்கிறது. தேசியப் பங்குச் சந்தையில் நாளின் முடிவு விலையைக் கடைசி அரை மணி நேர வணிகங்களின் இத்தகைய எடையிட்ட சராசரியாகக் கணக்கிடும் முறை நெடுங்காலம் கடைப்பிடிக்கப்பட்டு வந்தது. கடைசி நொடியில் ஒருவர் செய்யும் சிறு வணிகம் அன்றைய முடிவையே மாற்றிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

பழைய விலையைத் திருத்துதல்

ஒசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன் கடிகார நிறுவனத்தை நாம் அறிவோம். அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸாக வழங்கியது. அத்துடன் 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்தது. ஆக, 1 பங்கு வைத்திருந்தவர் கையில் 20 பங்குகள் ஆயின. ஒரு முழு ரொட்டியை இருபது துண்டாக்கினால் ரொட்டி பெருகிவிடுமா? அதுபோலவே மொத்த மதிப்பு அப்படியே நிற்க, ஒரு பங்கின் விலை இருபதில் ஒரு பங்காகக் குறைந்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக, 4,000 ரூபாய்ப் பங்கு 200 ரூபாயாகும்.

வணிகப் பதிவை உள்ளபடியே வரைந்தால் அந்த நாளில் விலை பாதாளத்தில் விழுந்தது போலத் தோன்றும். ஒருவர்கூட ஒரு காசும் இழக்கவில்லை என்பதே உண்மை. எனவே வரைபடம் செய்வோர் அதற்கு முந்தைய விலைகளையெல்லாம் 20ஆல் வகுத்துவிடுகிறார்கள். பங்குகளின் எண்ணிக்கையை 20ஆல் பெருக்கிவிடுகிறார்கள். இன்றைய படத்தில் பழைய ஆண்டுகளுக்கு நேரே காணப்படும் விலை, அன்று சந்தையில் உண்மையாகவே பேசப்பட்ட விலை அன்று என்பதை இதனால் அறியலாம். இது ஏமாற்று வேலை இல்லை, தேவையான திருத்தமே. ஆயினும் திருத்தம் நடந்திருக்கிறது என்று தெரிந்து பார்ப்பவருக்கும் தெரியாமல் பார்ப்பவருக்கும் வேறுபாடு உண்டு.

பிழையும் பதிவாகும்

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் சில நிமிடங்களில் பங்குகள் தலைகுப்புற விழுந்து எழுந்தன. ஏறத்தாழ 40 டாலர் விலையிலிருந்த அக்செஞ்சர் நிறுவனத்தின் பங்கு ஒரு செண்டுக்குக் கைமாறியது. விலை 60 விழுக்காட்டுக்கு மேல் விலகிப்போன வணிகங்களைப் பின்னர் ரத்து செய்தார்கள். வணிகம் ரத்தானால் வரைபடத்தின் தாழ்ந்த விலையும் மாறத்தானே வேண்டும்!

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இத்தகையதொரு நிகழ்ச்சி நடந்தது. தரகு நிறுவனம் ஒன்றிலிருந்து தவறாகப் பதிவான 59 ஆர்டர்களால் 650 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வணிகங்கள் நடந்துவிட்டன. ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணக்கிடப்படும் நிஃப்டி என்னும் குறியீட்டு எண் முந்தைய நாள் 5,787.60 ஆக இருந்தது. அது ஒரே மூச்சில் 4,888.20 வரை சரிந்தது. நாள் முடிவில் 5,746.95க்கு மீண்டது. அந்த நாளின் மெழுகுவர்த்தியைப் பார்த்தால் மேலே சிறு உடலும், கீழே நீண்டு தொங்கும் திரியுமாகத் தெரியும். நாடே நடுங்கி விற்றதாகப் படம் கூறும். நடந்ததோ ஒரு கைப்பிழை.

அளவுகோலின் சூது

வரைபவரின் கையில் இன்னொன்றும் இருக்கிறது. அது செங்குத்து அச்சு. 100 ரூபாயிலிருந்து 101 ரூபாய்க்கு ஏறிய விலையை, அச்சைச் சுழியத்தில் தொடங்கி வரைந்தால் ஏறக்குறைய தட்டையான கோடு. அதையே 99 முதல் 102 வரை மட்டும் காட்டும் அச்சில் வரைந்தால் செங்குத்தான மலை! இரண்டும் ஒரே எண்கள். நெடுங்காலப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 10 ரூபாய் 20 ஆவதும், 100 ரூபாய் 200 ஆவதும் முதலீட்டாளருக்கு ஒரே இலாபம். இரண்டும் இரு மடங்கு. ஆனால் சாதாரண அச்சில் முதலாவது மேடாகவும் இரண்டாவது மலையாகவும் தோன்றும். மடங்குகளைச் சம உயரமாகக் காட்ட மடக்கை அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். கணித வகுப்பில் நாம் அலுத்துக்கொள்ளும் மடக்கைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

நாம் கற்க வேண்டியது

வரைபடத்தை நாம் ஒரு சாட்சியாகக் கருதலாம். அது கண்டவற்றுள் நான்கை மட்டும் சொல்லும் சாட்சி. நடந்து முடிந்ததைச் சொல்லுமேயன்றி, நடக்கப் போவதைச் சொல்ல அதற்கு வாயில்லை. ஏனெனில் நாளைய வணிகம் இன்னும் பதிவாகவில்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? இன்று பல வீடுகளில் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. பச்சை மெழுகுவர்த்திகள் வரிசையாக ஏறும் படம். "இந்த உருவம் வந்தால் விலை ஏறியே தீரும்; பணம் போடுங்கள்" என்று அதன் கீழே எழுதியிருக்கும். அதை நம்பி அண்ணன்மார் சேமிப்பை இழக்கக் கூடும். அம்மாவின் நகை அடகுக்கடைக்குச் செல்லக் கூடும். பங்கை வாங்கி வைத்துக்கொள்ளாமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்பதன் பேரில் குறுகிய காலத்திற்குச் செய்யப்படும் ஒப்பந்தங்கள் உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் இவற்றைக் குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிமனிதரில் நூற்றுக்கு 93 பேர் இழப்பே கண்டார்கள். அவர்கள் இழந்த தொகை மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்கள் முன்னும் வரைபடங்கள் இருந்தன அல்லவா?

பங்கில் முதலீடு செய்வதே தவறு என்று நாம் கூறவில்லை. நேர்மையான தொழிலுக்கு முதல் தந்து, அதன் இலாபத்தில் பங்கு பெறுவது நல்லதே. அறியாமல் செய்வதே தவறு. நாளை நம்மில் பலர் வீட்டு வரவுசெலவைக் கையில் எடுக்கப் போகிறவர்கள். சிலர் வங்கியிலும் தணிக்கைத் துறையிலும் பணியாற்றப் போகிறவர்கள். அன்று யாரேனும் ஒரு வரைபடத்தை நீட்டினால் ஐந்து கேள்விகள் கேட்போம். ஒரு பெட்டிக்கு எத்தனை நிமிடம் அல்லது எத்தனை நாள்? உச்சத்தில் கைமாறிய பங்குகள் எத்தனை? பழைய விலைகள் திருத்தப்பட்டனவா? அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது? இந்தப் படத்தைக் காட்டுபவருக்கு இதனால் என்ன ஆதாயம்?

பத்துக் கட்டளைகளில் எட்டாவது எதைத் தடுக்கிறது என்பதை மறைக்கல்வி வகுப்பில் நாம் பயின்றிருக்கிறோம். பாதியைக் காட்டி மீதியை மறைக்கும் படமும் பொய்ச்சாட்சியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆகவே தோழியரே, நம் கட்டத்தாளில் நாம் வரையும் கோடு சிறிதாயினும் அது உண்மைக்குச் சான்று கூறட்டும். பிறர் வரைந்த கோட்டைப் படிக்கும்போது, விடுபட்டது எது என்று கேட்கும் தெளிவை இறைவன் நமக்கு அருள்வாராக.

இக்கட்டுரையை மூடி வைக்குமுன் ஒரு சிறு பயிற்சி. மேலே கண்ட எட்டு வரிகளையும் மூன்று நிமிடப் பெட்டிகளாக முழுவதும் பிரித்து வரைந்து பாருங்கள். இரண்டாம் பெட்டியில் ஒரே ஒரு வணிகம்தான் விழும். அதற்கு உடலும் இல்லை, திரியும் இல்லை. ஏன் என்று வீட்டில் அப்பா அம்மாவுக்கு விளக்கிக் கூறிவிட்டால், பாடம் முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.